ஊசிப் புத்தகத்தில் ஒரு காலி இடம்

நஞ்சப்பனுக்கு இயந்திரங்களின் மேல் கோபம் எதுவும் கிடையாது. நம்பிக்கைதான் கிடையாது. அது மனிதர்கள் மேலும் கிடையாது என்பதால் இயந்திரங்கள் தனியாக வருத்தப்பட வேண்டியதில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை போட்டாச்சு என்றால் கரண்டியை வாங்கி அடியில் கிளறிப் பார்ப்பார். பஸ்ஸில் அவினாசி என்று போர்டு இருந்தாலும் கண்டக்டரைக் கேட்பார். அவர் சொன்ன பிறகு பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். டிரைவரும் கண்டக்டரும் இல்லாமல் தானே ஓடுகிற பஸ்கள் திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து, கேட்க ஆள் இல்லாததால், வேலைக்கு நடந்தே வருகிறார்.

படிப்பு நான்காம் வகுப்போடு சரி. வயது அறுபத்தெட்டு. சென்னியப்பன் முதலாளியின் பனியன் கம்பெனியில் ஊசிப் புத்தகம் அவர் பொறுப்பு. கைக்குழந்தைச் சட்டைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. துணியை வெட்டுவதையும் மடிப்பதையும் பெட்டியில் அடுக்குவதையும் இயந்திரக் கைகள் பார்த்துக்கொள்கின்றன. தையல் மட்டும் இன்னும் மனிதக் கைதான். பனியன் துணி வழுக்கும், சுருளும், இழுத்தால் அழும். அதைச் சமாதானப்படுத்தித் தள்ள எந்த இரும்புக் கைக்கும் இதுவரை தெரியவில்லை.

தையல் இருக்கும்வரை ஊசி ஒடியும். ஒடிந்தால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஒடிந்த துண்டுகள் எல்லாவற்றையும் டெய்லர் பொறுக்கிக்கொண்டு நஞ்சப்பனிடம் வர வேண்டும். அவர் அவற்றைப் புத்தகத்தில் அடுத்தடுத்து வைத்து, ஊசியின் முழு நீளமும் வருகிறதா என்று பார்த்து, செலோடேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த டெய்லர் தைத்த சரக்கு அங்குலம் நகராது. காரணம் எளிது. காணாமல் போன துண்டு ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தும்.

செவ்வாய்க்கிழமை, துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் டெய்லர் வேலாத்தாளின் ஊசி ஒடிந்தது. நான்கு துண்டில் மூன்று கிடைத்தன. முனையைக் காணோம். குருணை அரிசி அளவுகூட இருக்காது. புத்தகத்தில் அவள் பக்கம் பாதியில் நின்றது. ஆயிரத்து இருநூறு சட்டை நின்றது. வேலாத்தாளுக்கும் தையல் நின்றது. கதவோரம் ஒரு முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். செக்கிங் பெண்கள் ஆறு பேர் காந்தத்தை வைத்துக்கொண்டு, சட்டை சட்டையாக, மடிப்பு மடிப்பாக, இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டார்கள். பழைய ஊசி பிடிக்கும் மிஷினால் பிரயோஜனம் இல்லை. அது சட்டையில் இருக்கும் டிச் பட்டனுக்கும் கத்தும், ஊசிக்கும் கத்தும், பக்கத்தில் லாரி போனாலும் கத்தும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு ஏற வேண்டும் என்று முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை கோயமுத்தூரிலிருந்து புது மிஷினை வரவழைத்துவிட்டார்.

கூடவே பெனசீர் என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். மிஷின் அழகாகத்தான் இருந்தது. ஓடுகிற பெல்ட், நடுவில் ஒரு வாய், வாய்க்கு மேலே நெற்றியில் இரண்டு சின்னக் கண்ணாடிக் கண்கள், உச்சியில் ஒரு விளக்கு. சரக்கு சுத்தமென்றால் விளக்கு பச்சை. ஊசி இருந்தால் சிவப்பு. செக்கிங் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் அதற்குக் கண்ணாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஆயிரம் தடவை சோதிச்சோம், ஆயிரம் தடவையும் சரி" என்றாள் பெனசீர். "பட்டன் வேற, ஊசி வேறன்னு இதுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கல. பாத்துப் பாத்து தானே கத்துக்கிச்சு."

"யாரைப் பாத்து?" என்றார் நஞ்சப்பன்.

"எங்களைத்தான். ஆறு மாசம் நாங்க ஊசி வெச்ச துணியும் வெக்காத துணியும் மாத்தி மாத்தி அனுப்பினோம்."

ஆயிரத்து இருநூறு சட்டையையும் பெனசீர் ஒவ்வொன்றாக விட்டாள். ஆயிரத்து இருநூறும் பச்சை. கண்ணாத்தா ஒவ்வொரு முறையும் இனிமையான குரலில் "சுத்தம்" என்றது.

முதலாளி பேனாவை நீட்டினார். "அப்பறம் என்னுங் நஞ்சப்பண்ணா, கையெழுத்தப் போடுங்க. பெட்டி கட்டலாம்."

"முனை எங்கீங்?"

"அதான் இல்லைன்னு சொல்லிருச்சே!"

"ஒடஞ்சது நெசம். மூணு துண்டு புத்தகத்துல இருக்குது. நாலாவது எங்கியோ இருந்தே ஆகோணும். கற்பூரமா அது, கரைஞ்சு போக? இங்க இல்லைன்னா எங்க இருக்குதுன்னு உங்க கண்ணாத்தாவைச் சொல்லச் சொல்லுங்க."

"அது சோசியக்காரி இல்லீங்கய்யா" என்றாள் பெனசீர். கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள். "வேணும்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க. எப்படி வேணும்னாலும்."

அந்த வார்த்தை நஞ்சப்பனுக்குப் பிடித்தது. மிஷின் கொண்டு வந்தவர்களில் இப்படிச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

பக்கத்து அறையில் அவர் சட்டைகளில் ஊசி சொருகிக்கொண்டிருந்தபோது செக்கிங் மாரக்கா மெல்ல வந்தாள். "அய்யா, இந்த மிஷின் ஜெயிச்சா எங்க ஆறு பேருக்கும் இங்க வேலையில்ல. ஊசிய வெளிய வீசிட்டு, உள்ள வெச்சேன்னு சொல்லிருங்க. கண்ணாத்தா தோத்துப் போவா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமல்லோ" என்றார் நஞ்சப்பன். "போ அம்மணி. தோக்கறதா இருந்தா அது தானாத் தோக்கட்டும். ஜெயிச்சா நானே கையெழுத்துப் போடுவேன்."

மாரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நூறு சட்டை, அதில் பத்தில் ஊசி. எந்தப் பத்து என்று நஞ்சப்பன் மனதில் மட்டும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெனசீர் ஒவ்வொன்றாக விட்டாள். மூன்றாவது சட்டை, சிவப்பு. சரி. பதினொன்று, சிவப்பு. அதுவும் சரி. இருபத்திரண்டு, முப்பது, நாற்பத்தைந்து... வரிசையாகப் பத்தும் சிவப்பு. மீதித் தொண்ணூறும் பச்சை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

செக்கிங் பெண்கள் கையிலிருந்த காந்தத்தைக் கீழே வைத்தார்கள். முதலாளி சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சாயப்பட்டறை நாய் குரைத்தது. நஞ்சப்பன் பேனாவைக் கையில் வாங்கினார். வாங்கியவர் எழுதவில்லை.

"என்னங்க இன்னும்?"

"கடைசிச் சட்டை வாய்க்குள்ள போகறதுக்கு ஒரு சாண் இருக்கறப்பவே சிவந்துருச்சுங்."

"அதனால?"

"வாயில போடறதுக்கு மின்னாலயே சோத்துல உப்பில்லைன்னு ஒருத்தன் சொன்னா, அவன் சோத்தைத் தின்னு சொல்லலைங். சமைச்சவ மூஞ்சியப் பாத்துச் சொல்றான்."

பெனசீர் சட்டென்று நிமிர்ந்தாள். முதலாளிக்குப் பொறுமை போயிருந்தது. இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு சோதனை, அதுவும் இன்றைக்குள் என்று ஒத்துக்கொண்டார்.

கம்பெனி கேன்டீனில் பொங்கியண்ணன் என்று ஒரு சமையல்காரர். தையலைப் பற்றியும் மிஷினைப் பற்றியும் ஒரு கவலையும் இல்லாத மனிதர். நஞ்சப்பன் நம்பர் போட்ட நூறு சட்டையையும் பத்து ஊசியையும் அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். "பத்துல சொருகு. எந்தப் பத்துன்னு சீட்டுல எழுதி அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிரு. எங்கிட்டச் சொல்லாத. நான் கெஞ்சினாலும் சொல்லாத. நீயும் அந்தப் பக்கம் வராத."

"எனக்கெதுக்கு வர்றது? ரசம் கொதிக்குது" என்றார் பொங்கியண்ணன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடியும் பெல்ட் ஓடியது. எதில் ஊசி என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. கண்ணாத்தா முதல் சட்டைக்குப் பச்சை காட்டியது. இரண்டாவதுக்கும். ஐம்பதாவதுக்கும். நூறாவதுக்கும். நூறும் "சுத்தம்".

டிரம்மிலிருந்து சீட்டு வந்தது. பெனசீர் நான்காம் நம்பர் சட்டையை எடுத்து அக்குளில் விரலை விட்டாள். "ஸ்ஸ்" என்றாள். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"இப்ப அதே சட்டைய மறுபடியும் விடு அம்மணி" என்றார் நஞ்சப்பன்.

விட்டாள். சிவப்பு.

"அதே சட்டை. அதே ஊசி. மொதல்ல பச்சை, இப்ப சிவப்பு. நடுவுல மாறுனது என்ன?"

"எனக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள் பெனசீர் மெதுவாக. "ஊசி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு."

நஞ்சப்பன் இன்னொரு சட்டையை எடுத்து நீட்டினார். "இதுலயும் நான் ஒண்ணு வெச்சிருக்கறேன். கழுத்துல. பாத்துப் புடி, குத்திரும்."

அவள் நுனி விரலால் வாங்கி விட்டாள். சிவப்பு.

"பொய்" என்றார் நஞ்சப்பன். "இதுல ஒண்ணும் இல்ல."

மாரக்கா கை தட்டினாள். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். பெனசீர் மட்டும் பெல்ட் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் இருந்த அந்த இரண்டு கண்ணாடிக் கண்களையும் பார்த்தபடி இருந்தாள்.

"விரல் பெல்ட்டுல மாட்டாம இருக்கத்தான் அந்தக் கண்ணை வெச்சோம்" என்றாள். "ஆறு மாசமும் ஊசி வெச்சது நாங்க. எதுல வெச்சோம்னு தெரிஞ்சுக்கிட்டு நின்னதும் நாங்க. ஊசியைத் தேடறது கஷ்டம். எங்க மூஞ்சியப் பாக்கறது சுலபம். அது சுலபமானதைக் கத்துக்கிச்சு. நாங்க ஊசியச் சொல்லிக்கொடுக்கறதா நெனச்சோம், அது எங்களைப் படிச்சிருக்கு. ஆயிரம் தடவையும் சரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே அய்யா."

"நீ எண்ணுனதுல பொய் இல்ல" என்றார் நஞ்சப்பன். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இதுதான் அவரால் முடிந்தது. "சோதிக்கச் சொன்னியே, அதுவே பெருசு. மத்தவன்னா மிஷினோட புக்கைக் கையில குடுத்துப் படிச்சுக்கோம்பான்."

முதலாளியின் முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் வந்திருந்தது. நஞ்சப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்படின்னா மனுசங்க மனசுல மறைக்கறதை இது கண்டுபுடிச்சிரும்! அட, ஊசிய விட இதல்லோ பெரிய விசயம். வாசல்ல கொண்டு போய் வெச்சுட்டா, யாரு துணி எடுத்துட்டுப் போறா, யாரு பக்கத்துக் கம்பெனிக்கு மாறப் போறா, எல்லாம் தெரிஞ்சு போகுமே. மொதல்ல வேலாத்தாளைக் கூப்புட்டு நிறுத்துங்க. முனை எங்கேன்னு கேட்டா அவ சொல்ல வேண்டாம், வெளக்கே சொல்லிரும்."

இப்போது யாரும் கண்ணாத்தாவின் எதிரே நிற்க விரும்பவில்லை. மாரக்கா நைசாகத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"நிறுத்தலாமுங்" என்றார் நஞ்சப்பன். "ஆனா மிஷினை மொதல்ல சோதிக்கோணுமல்லோ? ஊசிக்குச் சோதிச்சோம், தோத்துச்சு. இதுக்கு இன்னும் சோதிக்கலீங். நீங்களே வந்து நில்லுங்க."

"நானா?"

"மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத ஆளு நீங்கதானுங். பச்சை வருதான்னு பாப்பம்."

எல்லோரும் பார்க்கும்போது மறுக்க முடியவில்லை. சென்னியப்பன் பெல்ட்டின் முன்னால் போய் நின்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். நஞ்சப்பன் ஒரு சட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு ஏறியே ஆகோணுமுங்களா?"

"ஆமா, அதான் தலைதலையா அடிச்சுக்கறனே."

விளக்கு மிளகாய்ப் பழம் போலச் சிவந்தது.

முதலாளி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சிவப்பு அணையவில்லை. காது மடல் இரண்டும் விளக்கோடு போட்டி போட்டன.

"நேத்தைக்கு போன் பேசி முடிச்சுட்டு நீங்க சிரிச்சதைப் பாத்தனுங்" என்றார் நஞ்சப்பன். "அப்பவே நெனச்சேன்."

"வெளிநாட்டுக்காரங்க பத்து நாள் சேத்துக் குடுத்துட்டாங்க" என்று முணுமுணுத்தார் முதலாளி. "சொன்னா நீங்கெல்லாம் மெதுவாப் பண்ணுவீங்கன்னுதான்..." அதற்கு மேல் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். "எடுத்துட்டுப் போங்கம்மா இதை! இதை வாசல்ல வெச்சா நான் எந்த வழியா உள்ள வர்றது?"

பெண்கள் சிரித்த சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. எல்லோரும் முதலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கவனிக்கவில்லை. முதலாளி நகர்ந்த பிறகு விளக்கு அணைந்தது. பின் மறுபடியும் சிவந்தது. பெல்ட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. கண்ணாத்தாவின் பார்வைக்கு நேரே, தூரத்தில், கதவோரத்தில், வேலாத்தாள் மட்டும் முக்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

நஞ்சப்பன் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, எதுவும் பார்க்காத மாதிரி வெளியே போனார்.

கம்பெனிக்குப் பின்னால் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் மலை போலக் கிடக்கும். அங்கே அவளை வரச் சொன்னார். இடையில் எந்த மிஷினும் இல்லை.

"வேலாத்தா, மூணு நாளா எல்லாரும் ஊசி எங்கேன்னுதான் கேட்டோம். நானும் முட்டாளாட்டம் அதையேதான் கேட்டேன். ஊசி ஒடஞ்சப்ப நீ என்ன தைச்சுட்டு இருந்த?"

வேலாத்தாளின் கண்ணில் நீர் முட்டியது. "சாப்பாட்டு நேரத்துலீங்கய்யா. இந்த வேஸ்ட்டுல இருந்து மூணு துண்டு எடுத்து... எம்புள்ளைக்குக் கொழந்தை பொறந்திருக்குதுங். ஊத்துக்குளியில. ஞாயித்துக்கெழமை. ஊரு ஒலகத்துக் கொழந்தைக்கெல்லாம் தைக்கறேன், நம்ம கொழந்தைக்கு ஒரு சட்டை..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊசி ஒடஞ்சுது. மறைக்கலீங்கய்யா, ஒடனே துண்டை எல்லாம் பொறுக்கிட்டு உங்ககிட்டத்தான் வந்தேன். எந்தத் துணியிலன்னு மட்டும் சொல்லலீங். வேஸ்ட்டைத் தொட்டா வேலை போயிரும்னு சட்டம். அந்தச் சட்டைய மொதல்ல நாந்தான் தடவிப் பாத்தேன், மூணு தரம். ஒண்ணும் தட்டலை. அப்பறந்தான் குடுத்தனுப்பினேன்."

"குடுத்தனுப்பிட்டியா!" நஞ்சப்பனின் குரல் எகிறியது. "கொழந்தைக்குப் போட்டுட்டாங்களா?"

"இல்லீங். பொறந்த கொழந்தைக்குப் புதுத்துணி எப்படிங்கய்யா போடுவாங்க? பழைய வேட்டி கிழிச்ச துணிதான் சுத்தியிருக்குது. பேரு வெக்கற அன்னிக்குத்தான் புதுசு. பெட்டிக்குள்ள இருக்குதுங்."

நஞ்சப்பன் மூட்டை மேல் உட்கார்ந்தார். எதையும் இரண்டு முறை கேட்கிற பழக்கத்தில், "பெட்டிக்குள்ளதானே?" என்றார். "ஆமாங்" என்றாள். "போனைப் போட்டுக் கேளு" என்றார். மகள் எடுத்தாள். பெட்டிக்குள்ளேதான் இருந்தது. மகளைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி, பார்த்தேன் என்று அவள் சொன்ன பிறகுதான் நஞ்சப்பன் மூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேலாத்தாளின் மருமகன் கம்பெனி கேட்டுக்கு வந்து ஒரு பையை நீட்டிவிட்டுப் போனான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. மூன்று நிற வேஸ்ட் துணி. ஆனால் தையல் வெளிநாட்டுச் சரக்கை விட நேர்த்தி. நஞ்சப்பன் காந்தத்தைக் கழுத்துப்பட்டி மேல் மெல்ல நகர்த்தினார். பின்பக்க மடிப்பில் துணி ஒரு நூல் அளவு எழும்பியது. இரண்டு தையலைப் பிரித்தார். முனை காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

புத்தகத்தில் மூன்று துண்டுகளுக்குப் பக்கத்தில் நான்காவதை வைத்தார். நீளம் முழுசாக வந்தது. செலோடேப் ஒட்டினார். 'எங்கே கிடைத்தது' என்ற கட்டத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: 'சட்டையின் கழுத்துப்பட்டி மடிப்பில்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முதலாளி வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார். வேலாத்தாள் பக்கத்தில் நின்றாள். கண்ணாத்தா இன்னும் மூலையில்தான் இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு முதலிலிருந்து கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்த பெனசீர், அதை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைத் தேடி வெளியே போயிருந்தாள். மிஷினை அணைக்க மறந்திருந்தாள்.

"ஆகா, கெடச்சிருச்சா! எந்தச் சட்டைலீங் நஞ்சப்பண்ணா?"

"அதா... அதுலதானுங். ஒரு சட்டையில."

மூலையில் விளக்கு சிவந்தது.

நஞ்சப்பன் தோளிலிருந்த துண்டை உருவினார். ஏதோ தூசி தட்டப் போகிறவர் போலச் சாவகாசமாக நடந்து போய், கண்ணாத்தாவின் இரண்டு கண்களும் விளக்கும் மறையும்படி தலை மேல் போர்த்தினார். வெளுத்து வெளுத்து மெலிந்த துண்டு. சிவப்பு அதற்குள்ளிருந்து அந்திச் சூரியன் மாதிரி தெரிந்தது.

முதலாளி துண்டைப் பார்த்தார். நஞ்சப்பனைப் பார்த்தார். மேஜை மேல், புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு விரல் நீளம் எட்டிப் பார்த்த மூன்று நிறக் குட்டிச் சட்டைக் கையையும் பார்த்தார். பிறகு நிதானமாகப் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"துண்டு ரொம்ப மெல்லிசுங் நஞ்சப்பண்ணா" என்றார். வேலாத்தாள் பக்கம் திரும்பி, "பேரனா, பேத்தியா?" என்று கேட்டார்.

"பேத்திங்" என்றாள் வேலாத்தாள்.

நஞ்சப்பன் இழுப்பறையைத் திறந்து புது ஊசி ஒன்றை எடுத்தார். அவளிடம் கொடுக்கும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முனை சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

"பேத்தி சட்டையில பிரிச்ச தையலைப் போட்டுட்டு அப்பறமாச் சரக்குல கைய வை" என்றார்.